ஹோண்டா சிட்டி: 106லிருந்து 126 வரை

பழைய ஹோண்டா சிட்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்த மாடலுக்குப் பவர் அதிகம் என்பதைத்தான். விளம்பரத் தாளில் உள்ள எண்களை மட்டும் அடுக்கினால் விடை விசித்திரமாக இருக்கும். 1998 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த முதல் சிட்டியில் 1.3 லிட்டர் எஞ்சினுக்கு 90 குதிரைத்திறன், 1.5 லிட்டருக்கு 100. 2000ஐ ஒட்டி வந்த வீடெக் (வேகத்துக்குத் தகுந்து வால்வுத் திறப்பை மாற்றும்) எஞ்சினுக்கு 106. 2003ல் புது உடலோடு வந்த சிட்டியில் அது 77ஆக இறங்கியது. 2008ல் 118. 2014ல் 119. 2020ல் 121. 2022ல் வந்த ஹைபிரிட்டுக்கு 126. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு ஏறியது வெறும் இருபது. ஆனால் இந்த வண்டிகளை அடுத்தடுத்து ஓட்டினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். அந்த வித்தியாசத்தை எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) சொல்லிவிடும். அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

முதலில் அலகுக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரே 2008 எஞ்சினுக்கு ஓரிடத்தில் 116 என்றும் இன்னோரிடத்தில் 118 என்றும் இருக்கும். இரண்டும் சரிதான். 116 பி.எச்.பி. (பிரிட்டிஷ் குதிரைத்திறன்) கணக்கு, 118 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) கணக்கு. ஒரு பி.எச்.பி. என்பது 1.014 பி.எஸ். விற்பவர் பெரிய எண்ணைச் சொல்வார், வாங்குபவர் சின்ன எண்ணைக் காட்டி வாதாடுவார். எஞ்சின் ஒன்றே.

அடுத்தது ஒரு சின்ன வாய்பாடு. டார்க்கை, அதாவது எஞ்சினின் முறுக்கு விசையை, நியூட்டன் மீட்டரில் எடுத்து, அந்த டார்க் கிடைக்கும் ஆர்பிஎம்மால் பெருக்கி, 7,023ஆல் வகுத்தால் அந்த இடத்தில் எஞ்சின் தரும் பவர் பி.எஸ். கணக்கில் வந்துவிடும். கால்குலேட்டரில் பத்து வினாடி வேலை. இதைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த வண்டியின் தாளையும் படித்துவிடலாம்.

முதல் தலைமுறை வீடெக்கைப் பற்றி இன்றும் ஆசையாகப் பேசுகிறார்கள், அதில் நியாயம் உண்டு. அன்றைய சிட்டி ஒரு டன்னை ஒட்டிய எடைதான். தாழ்ந்த உடல், லேசான கிளட்ச், ஆர்பிஎம் ஏற ஏற உற்சாகமாகும் எஞ்சின். 106 என்ற எண் கிடைப்பது 6,800 ஆர்பிஎம்மில். சென்னை அண்ணா சாலையில் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருப்பவருக்கு அந்த 106 என்றைக்குமே கிடைக்காது. நாற்கரச் சாலையில் மூன்றாம் கியரில் முழுக்க மிதிப்பவருக்கு மட்டும்தான் அது சொந்தம்.

இந்த வண்டியை இன்று வாங்குகிறவர் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று டைமிங் பெல்ட். பின்னால் வந்த சிட்டிகளில் செயின், இதில் ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளையும், ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் வயதானால் ரப்பர் வெடிக்கும். எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது. வாட்டர் பம்ப்பை அதே பெல்ட்தான் சுற்றுகிறது. பம்ப்பை விட்டுவைத்தால் அது ஒழுகும்போது மறுபடி அத்தனையும் கழற்ற வேண்டும். இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் இருக்கும் இக்னைட்டர் சூடேறியதும் செத்து, ஆறியதும் உயிர்த்துவிடும். நெரிசலில் அணைந்து, அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் பழைய சிட்டி என்றால் பெட்ரோல் பம்ப்பை மாற்றுவதற்கு முன் இங்கே பார்க்க வேண்டும்.

இரண்டாம் தலைமுறைதான் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வண்டி. 106லிருந்து 77க்கு இறங்கியதும் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் தாளைப் படித்தால் ஹோண்டா என்ன நினைத்தது என்பது தெரியும். 1,497 சிசி ஐ-டிஎஸ்ஐ எஞ்சின், 128 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 2,700 ஆர்பிஎம்மிலேயே. வாய்பாட்டில் போட்டால் 2,700ல் 49 பி.எஸ். ஊருக்குள் ஓடும் குடும்பக் காருக்கு அந்த ஆர்பிஎம்மில் அதற்கு மேல் தேவையே இல்லை. 5,500 ஆர்பிஎம்மில் 77 என்பதைத் தலைகீழாகக் கணக்குப் போட்டால் அங்கே டார்க் 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது தெரியும். மேலே போனால் மூச்சு வாங்கும் என்பது தாளிலேயே எழுதியிருக்கிறது. கீழே இழு, மேலே போகாதே, பெட்ரோலை மிச்சப்படுத்து என்பதுதான் அந்த எஞ்சினுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதை அது நன்றாகவே செய்தது. மிதித்து ஓட்டுகிறவர்களுக்காகப் பின்னால் 100 குதிரைத்திறன் வீடெக் ஒன்றும் அதே உடலில் வந்தது.

ஐ-டிஎஸ்ஐயில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். ஆக எட்டு வால்வு, எட்டு பிளக், எட்டு காயில். கலவையை இரு முனையிலும் பற்றவைத்தால் தீ ஓட வேண்டிய தூரம் பாதியாகும். எரிப்பு சீக்கிரம் முடிவதால் நாக்கிங் (கலவை தானே பற்றித் தட்டும் சத்தம்) வராமல் கம்ப்ரஷனை (கலவையை நெருக்கும் அளவை) கூட்டலாம், கலவையைக் கொஞ்சம் மெலிதாக்கலாம். இரண்டு பிளக்கும் எப்போதும் ஒரே கணத்தில் பொறி விடுவதில்லை. சுமைக்கும் ஆர்பிஎம்முக்கும் தகுந்தபடி இடைவெளி மாறும். அழகான வடிவமைப்பு.

அதன் வேதனையும் இங்கேதான். முன்பக்க நான்கு பிளக் போனட்டைத் திறந்ததும் கைக்கு வரும். பின்பக்க நான்கும் எஞ்சினுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, வைப்பருக்குக் கீழே உள்ள தட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சர்வீஸ் பில்லில் நான்கு பிளக் மட்டும் இருக்கிறது என்றால் பின்பக்கத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். பல வண்டிகளில் அந்த நான்கும் கம்பெனியிலிருந்து வந்தவையாகவே கிடக்கும். சாதாரண எஞ்சினில் ஒரு பிளக் செத்தால் அந்த சிலிண்டரே நின்றுவிடும், வண்டி உதறும், உடனே தெரிந்துவிடும். இதில் பின் பிளக் செத்தாலும் முன் பிளக் கலவையைப் பற்றவைத்துக் காப்பாற்றிவிடும். உதறல் இருக்காது. எரிப்பு மெதுவாகும், மைலேஜ் குறையும், ஏற்றத்தில் டிக்டிக்கென்று நாக்கிங் கேட்கும், "இந்த மாடலே இப்படித்தான் சார்" என்று பதில் வரும். 77ல் எத்தனை மிச்சமிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த நான்கையும் மாற்றும் முறை இது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும். வைப்பர் கைகளையும் அதன் கீழுள்ள பிளாஸ்டிக் தட்டையும் கழற்றுங்கள். காயில்களை எடுக்கும்போது எந்தச் சிலிண்டருடையது என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக் குழிக்குள் கம்ப்ரஸர் காற்றடித்து மண்ணை வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்பானர் வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மண் சிலிண்டருக்குள் போகும். 16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட்டில் கால் சுற்றுத் தளர்த்தி, இறுகினால் துருநீக்கி எண்ணெய் ஒரு துளி விட்டுச் சற்று நேரம் பொறுத்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். ஒரே வேகத்தில் முறுக்கினால் பல வருடம் இறுகிக் கிடந்த பிளக் பாதியில் ஒடியும். புதுப் பிளக்கின் இடைவெளி 1.0லிருந்து 1.1 மில்லிமீட்டர். சாக்கெட்டில் வைத்து, ராட்செட் இல்லாமல் விரலால் மட்டும் மரை பிடிக்க வைக்க வேண்டும். கடைசி இறுக்கம் 18 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லையென்றால் கையால் உட்கார வைத்த பிறகு அரைச் சுற்றுக்குச் சற்று மேல். அதற்குமேல் இறுக்குவது மரைக்குக் கேடு.

இதே தலைமுறையின் சிவிடி (கியர் படிகளே இல்லாத) ஆட்டோமேட்டிக் வாங்குவதாக இருந்தால், நின்ற இடத்திலிருந்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். மாட்டுவண்டி கிளம்புகிற மாதிரி உதறினால் உள்ளே இருக்கும் ஸ்டார்ட் கிளட்ச்சின் எண்ணெய் கெட்டிருக்கிறது. எண்ணெயின் சுழற்சியால் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இதில் கிடையாது. எண்ணெயில் மூழ்கிய தட்டுகள்தான் வண்டியை நகர்த்துகின்றன. அதற்கென்றே உள்ள ஹோண்டா சிவிடி எண்ணெயை மாற்றி, ஸ்டார்ட் கிளட்ச்சை மறுபடி பழக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயை ஊற்றியவர்கள் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டி வந்திருக்கிறது.

2008ல் வந்த மூன்றாம் தலைமுறைதான் பல பேருக்கு "சிட்டி" என்றால் மனதில் வரும் வண்டி. அதே 1,497 சிசி, அதே 73 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் குறுக்களவு), 89.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்). ஆனால் பதினாறு வால்வு ஐ-வீடெக், 6,600 ஆர்பிஎம்மில் 118 பி.எஸ்., 4,800ல் 146 நியூட்டன் மீட்டர். ஒரே அளவு எஞ்சினில் 77ம் 118ம் எப்படி வந்தன? டார்க்கில் பெரிய பாய்ச்சல் இல்லை, 128க்கும் 146க்கும் உள்ள தூரம்தான். அந்த டார்க்கை மேலே வரை விடாமல் பிடித்துக்கொண்டதில்தான் விஷயம். 6,600லும் இதற்கு 125 நியூட்டன் மீட்டர் மிச்சமிருக்கிறது. இரண்டுக்குப் பதில் நான்கு வால்வு, வேகத்துக்குத் தகுந்து மாறும் வால்வுத் திறப்பு, இவை காற்றை மேலே வரை உள்ளே அனுப்புகின்றன.

சிசி ஏன் நகரவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ஜப்பானில் வாகன வரி 1,500 சிசியில் ஒரு படி ஏறும். இந்தியாவிலும் நான்கு மீட்டரைத் தாண்டிய கார்களுக்கு ஒரு காலத்தில் அதே 1,500ல் வரிக்கோடு இருந்தது. அதனால் எஞ்சினியர்கள் அந்தப் பெட்டிக்குள்ளேயே மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது.

வீடெக்கின் உயிர் எண்ணெய் அழுத்தத்தில் இருக்கிறது. வால்வுகளைத் தள்ளும் ராக்கர் கைகளுக்குள் ஒரு சின்னப் பின் இருக்கிறது. கணினி ஒரு சோலனாய்டை (மின்சாரத்தால் இயங்கும் அடைப்பானை) திறந்ததும் எஞ்சின் எண்ணெய் அந்தப் பின்னைத் தள்ளி ராக்கர்களைப் பூட்டும், வால்வுகள் பெரிய கேம் முகட்டைப் பின்பற்றத் தொடங்கும். எண்ணெய் அளவு குறைந்தாலோ, சோலனாய்டின் கீழுள்ள சல்லடை சேற்றில் அடைத்தாலோ பின் நகராது. பி2646 என்ற பிழைக்குறி வரும், ஒரு அளவுக்கு மேல் ஆர்பிஎம் ஏற விடாமல் கணினி தடுத்துவிடும். சிலர் உடனே சோலனாய்டை வாங்கிவிடுகிறார்கள். முதலில் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து சுமார் மூன்றரை லிட்டர்தான் எண்ணெய். ஒரு லிட்டர் குறைந்தாலே பெரிய பங்கு போய்விடுகிறது.

பவர் மெல்ல மெல்லக் கரைவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி. இந்த எஞ்சினில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் ஏற்பாடு இல்லை. திருகும் நட்டும்தான். உறிஞ்சும் வால்வுக்கு 0.15லிருந்து 0.19 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 0.26லிருந்து 0.30. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் மெல்ல அமிழும், இடைவெளி சுருங்கும். சிஎன்ஜி, எல்பிஜி போட்ட வண்டிகளில் புகை வால்வு இன்னும் சீக்கிரம் இறுகும். இடைவெளி சுருங்கினால் எஞ்சின் சத்தம் குறையும்! அதனால் "எஞ்சின் பூ மாதிரி இருக்கு" என்று பாராட்டு கிடைக்கும். உண்மையில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசிந்துகொண்டிருக்கும், கடைசியில் வால்வு விளிம்பு எரியும். மெல்லிய டிக்டிக் சத்தம் கேட்கும் ஐ-வீடெக்தான் ஆரோக்கியமானது.

40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வேலையைத் தொடங்குங்கள். வால்வு மூடியைக் கழற்றி, முதல் சிலிண்டரை மேல்முனைக்குக் கொண்டுவந்து, அதன் நான்கு வால்வையும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் அளக்க வேண்டும். தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். பிறகு கிராங்க்கை அரைச் சுற்றுத் திருப்பி மூன்றாம் சிலிண்டர், இன்னொரு அரைச் சுற்றில் நான்காம், அடுத்த அரைச் சுற்றில் இரண்டாம். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் சுழலும், ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. இரண்டாவது முறை அளக்காமல் விடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு.

வாங்குவதற்கு முன் பார்ப்பதாக இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் ஒன்றே போதும். எஞ்சின் சூடாக, ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்தபடி எடுக்க வேண்டும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகு ஐடில் (மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) எகிறிக் குதித்தால் பயப்பட வேண்டாம். ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 3,000 ஆர்பிஎம்மில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை பிடித்து, பிறகு ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டால் கணினி புது அளவைக் கற்றுக்கொள்ளும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. டர்போ இல்லாத எஞ்சின் உயரம் ஏற ஏற காற்றுக் குறைவால் பவரை இழக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். 118 பி.எஸ். சிட்டி அங்கே 95ஐ ஒட்டித்தான் தரும். கல்லட்டிப் பாதையில் வண்டி சோம்பினால் எஞ்சின் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஒரு கியர் குறைத்தால் போதும்.

2014ல் வந்த நான்காம் தலைமுறையின் பெட்ரோல் எஞ்சினில் சொல்ல அதிகமில்லை. 119 பி.எஸ்., 145 நியூட்டன் மீட்டர். சிவிடியில் இப்போது டார்க் கன்வர்ட்டர் சேர்ந்துவிட்டதால் பழைய உதறல் போயிற்று. பெரிய செய்தி டீசல். 3,600 ஆர்பிஎம்மில் 100 பி.எஸ்., 1,750ல் 200 நியூட்டன் மீட்டர். 1,750ல் கணக்குப் போட்டால் 50 பி.எஸ். 2003ன் ஐ-டிஎஸ்ஐ 2,700ல் தந்த அதே அளவை இது ஆயிரம் ஆர்பிஎம் கீழேயே தந்துவிட்டது. தாளில் பெட்ரோலைவிட 19 குறைவு, சாலையில் லாரியைத் தாண்டும்போது பெட்ரோல்காரர் கியர் குறைப்பதற்குள் டீசல்காரர் போய்விடுவார். சிட்டிக்குள் டீசல் இல்லாதிருந்த வருடங்களில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையிலிருந்து வந்த ஹூண்டாய் வெர்னா டீசல் வாடிக்கையாளர்களை ஏன் அள்ளிக்கொண்டு போனது என்பதற்கு இதுதான் விளக்கம்.

2020 ஜூலையில் வந்த ஐந்தாம் தலைமுறையில் எஞ்சின் 1,498 சிசி, இரட்டைக் கேம், உறிஞ்சும் கேமின் நேரத்தை மாற்றும் ஏற்பாடு. 6,600ல் 121 பி.எஸ். பழையதைவிட இரண்டுதான் கூடுதல் என்று தள்ளிவிடுவார்கள். 145 நியூட்டன் மீட்டர் டார்க் கிடைப்பது 4,300ல். 2008ல் 4,800, 2014ல் 4,600, இப்போது 4,300. உச்சியை விட்டுவிட்டு அடிவாரத்தை உயர்த்தியிருக்கிறார்கள். மேனுவலில் ஆறாவது கியரும் வந்தது. நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாக ஓடும், அதே நேரம் ஆறாவதிலேயே தாண்ட முயன்றால் ஏமாற்றம்தான். நான்காவதுக்குத் தயங்காமல் இறக்க வேண்டும். வண்டியும் 1,100 கிலோவைத் தாண்டிவிட்டது. 106 குதிரைத்திறன் பழைய வீடெக் துள்ளலாகத் தோன்றியதற்கும் 121 நிதானமாகத் தோன்றுவதற்கும் இந்த எடைக்குப் பெரிய பங்கு உண்டு. டீசல் 2023ல் புகை விதிகள் கடுமையானதும் நின்றது. பழைய வண்டிச் சந்தையில் நல்ல டீசல் சிட்டி கிடைத்தால், தினம் நீண்ட தூரம் ஓடுகிறவர் யோசிக்காமல் பார்க்கலாம். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது வேண்டாம்.

கடைசியாக ஹைபிரிட். எஞ்சின் 98 பி.எஸ்., மின் மோட்டார் 109 பி.எஸ். கூட்டினால் 207 வரும், ஆனால் தாளில் 126. இது பலரையும் குழப்புகிறது. இந்த எஞ்சின் பெரும்பாலான நேரம் சக்கரத்தைச் சுற்றுவதே இல்லை. ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரம் தருகிறது, மோட்டார்தான் வண்டியை இழுக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் பூட்டி எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கிறது. எஞ்சினும் மோட்டாரும் தத்தம் உச்சத்தை ஒரே கணத்தில் தருவதில்லை, ஆகவே கூட்டல் கணக்கு இங்கே செல்லாது. எஞ்சின் 121லிருந்து 98க்கு இறங்கியதும் வேண்டுமென்றே செய்தது. உறிஞ்சும் வால்வைத் தாமதமாக மூடும் அட்கின்சன் முறையில் பவர் குறையும், ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து கிடைக்கும் வேலை கூடும்.

மோட்டாரின் டார்க் 253 நியூட்டன் மீட்டர், பூஜ்யத்திலிருந்து 3,000 ஆர்பிஎம் வரை. வாய்பாட்டில் போட்டால் 3,000ல் 108 பி.எஸ்., தாளில் உள்ள 109க்குச் சரியாக வந்து உட்காருகிறது. 2023ன் வெர்னா டர்போ பெட்ரோலுக்கும் அதே 253தான், ஆனால் அது 1,500லிருந்து தொடங்குகிறது, உச்சத்தில் 160 பி.எஸ். வரை போகிறது. சிக்னலிலிருந்து கிளம்பும் முதல் சில மீட்டர்களில் ஹைபிரிட்டும், 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் டர்போவும் முந்தும். ஹைபிரிட் வாங்குகிறவர் சோதனை ஓட்டத்தில் ஒரு நீண்ட ஏற்றத்தை முழு மிதியில் ஏறிப் பார்க்க வேண்டும். ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் சத்தம் ஒரே ஸ்தாயியில் உயர்ந்து நிற்கும், வேகம் அதற்குத் தகுந்தபடி ஏறாது. பேட்டரி சிறியது, அதில் இருந்தது தீர்ந்ததும் எஞ்சின் தரும் மின்சாரத்தை நம்பித்தான் மோட்டார் ஓட வேண்டும். அந்தச் சத்தம் பழுதின் அறிகுறி இல்லை. மலைப்பாதையில் அடிக்கடி ஓட்டுகிறவர் அந்தச் சத்தத்தோடு வாழ முடியுமா என்பதை அங்கேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.